திருகோணமலையில் பாம்பு பார்க்க எங்கே போவது: காடா, குளமா, கடற்கரையா, ரோட்டா?

மார்கழி விடுமுறைக்கு வர இருந்த மருமகன் கொழும்பிலிருந்து கோல் எடுத்துக் கேட்டான்: "மாமா, மூண்டு நாள்தான் நிப்பன். எங்க போனாப் பாம்பு பாக்கலாம்? பெரிய காட்டுப் பக்கம் போவமா?"

இந்தக் கேள்வியை வருசத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கம்பஸ் பிள்ளைகள், கமெராவோடு திரிபவர்கள், லீவில் ஊருக்கு வரும் சொந்தக்காரர். எல்லாருடைய மனதிலும் பாம்பு என்றால் காடு. காடு பெரிதானால் பாம்பும் கூட. நானும் அப்படி நம்பித்தான் தொடக்கத்தில் பல வருசம் காட்டோரம் அலைந்தேன். அந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம் என்பதற்காக, திருகோணமலையைச் சுற்றி நமக்கு இருக்கிற இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவசரக்காரருக்கு என் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம்: ஊர்ப்புறத்துச் சின்னக் குளம் ஒன்றின் கட்டு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடமாக ஓடாமல், அதே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும்.

காட்டை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் ஆசை அங்கேதான் போகிறது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டி அநுராதபுரம் வீதியில் பன்குளம், முதலிக்குளம் என்று போகப் போக, இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி வரும். வடக்கே திரியாய்ப் பக்கமும் தெற்கே சேருவில, அல்லைப் பக்கமும் அப்படியே. வெங்கிணாந்தி என்னும் மலைப்பாம்பு, பறக்கும் பாம்பு, பூனைப் பாம்பு, கொம்பேறி மூக்கன் எல்லாம் இந்தக் காடுகளில் உண்டு. ஆனால் காட்டில் இருக்கிற பாம்பு நம் கண்ணில் படவேண்டுமே. உள்ளூர்க்காரர் ஒருவர் துணையோடும் அனுமதியோடும் ஒரு முழு நாள் நடந்து, நான் கண்டது மூன்று அரணையும் ஒரு பச்சோணானும். வெங்கிணாந்தி ஒன்று பத்தடி தள்ளிச் சருகுக்குள் கிடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அதன் உடம்பில் உள்ள மண்ணிறத் திட்டுகள் காய்ந்த வீரை இலைக் குவியலுக்கென்றே வரைந்தவை மாதிரி இருக்கும். அதோடு, பாம்புக்கு நிலத்தில் வரும் அதிர்வு முந்தித் தெரிந்துவிடும். நாம் சப்பாத்துக் காலோடு நெருங்குமுன் அது ஒதுங்கியிருக்கும், அல்லது அசையாமல் கிடக்கும். காட்டில் அதன் இரையும் எங்கும் பரவிக் கிடப்பதால், இந்த இடத்தில்தான் நிற்கும் என்று குறி வைத்துப் போகவும் வழியில்லை.

இதைவிடப் பெரிய காரணம் யானை. பன்குளமானாலும் கந்தளாயானாலும் அல்லையானாலும், பற்றைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நடக்கிறவனுக்கு முன்னால் நிற்கிற யானை தெரியாது. காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையவும் கூடாது. போர் 2009இல் முடிந்துவிட்டது என்றாலும், மிதிவெடிப் பலகை நட்டிருக்கும் இடத்தைக் கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்கவேண்டாம். பாதை விட்டு விலகி நடக்கும் பழக்கமே எங்கள் மாவட்டத்தில் வேண்டாம். பாறைப் பல்லிகளையோ, மரத்தில் வாழும் பாம்புகளையோ மட்டும் தேடிக் கற்கிற ஒருவர், இடம் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு அனுமதியோடு போனால் காடு பலன் தரும். மூன்று நாள் லீவுக்காரருக்கு அது சரிவராது.

இனிக் குளம்.

கந்தளாய்க் குளத்தைப் போலக் கடல் மாதிரிக் கிடக்கும் பெரிய குளத்தை நான் சொல்லவில்லை. அங்கேயும் முதலையும் ஆமையும் உண்டு, ஆனால் தண்ணீர் விளிம்பு மிக நீளம், பார்வை சிதறும். நான் சொல்வது இருபது, முப்பது ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் விடும் ஊர்க்குளம். ஒரு பக்கம் குளக்கட்டு, கட்டின் உள்சரிவில் அலை அடித்து மண் கரையாமல் அடுக்கிய கல். கட்டுக்கு வெளியே தண்ணீர் திறந்துவிடும் துருசு, வாய்க்கால், வயல். எதிர்ப்பக்கம் மருதும் விளாத்தியும் பற்றையும். இதெல்லாம் சந்திக்கிற இடம் ஊர்வனவற்றுக்குச் சந்தை மாதிரி. கல் இடுக்கு வீடு. சரிவில் காலை வெயில். வாய்க்காலில் தவளை, வயலில் எலி, தண்ணீரில் மீன். இருநூறு மீற்றர் கட்டில் இவ்வளவும் இருக்கும்போது பாம்புக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை.

மார்கழியில் சூரியன் ஆறேகாலுக்கு எழும்பும். மழை விட்டு வெளிச்ச நாளாக இருந்தால் ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும்தான் நல்ல நேரம். குளிர்ந்த உடம்பைச் சூடாக்க வெளியே வருகிற நேரம் அது. முதலில் கண்ணில் படுவது ஆமை. முறிந்து தண்ணீரில் கிடக்கும் மரத்தில் காராமைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். மென்மையான ஓடுள்ள பாலாமை தண்ணீர் விளிம்பில் மூக்கை மட்டும் காட்டும். இந்தப் பாலாமை இலங்கைக்கே உரிய இனம். வேறு நாட்டில் கிடையாது. பிறகு கட்டின் மேல் உடும்பு. நாக்கை நீட்டி நீட்டி மணம் பிடித்துக்கொண்டு, யாரோ வீட்டுக்கு விசாரிக்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு பொந்தாகப் பார்த்துப் போகும். நாயை விட்டு உடும்பு பிடிக்கிற ஊர்களில் அது மனிதரைக் கண்டதும் ஓடி ஒளிந்துவிடும். பிடிக்காத ஊர்களில் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கலாம். ஒரு ஊர் எப்படிப்பட்டது என்பதை அங்குள்ள உடும்பின் நடையிலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

தண்ணீர்ப் பாம்பைத் துருசடியில் பார்க்கவேண்டும். துருசுக் கதவு கொஞ்சம் திறந்திருக்கும் நாளில், தண்ணீர் நுரைத்து விழும் தொட்டியின் பாசிச் சுவரில் அது தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒருமுறை அரைமணி நேரம் அசையாமல் நின்று பார்த்தேன். தவளை ஒன்று கரைக்குத் தாவியதும், தலை எப்போது போனது என்றே தெரியவில்லை. தவளையின் பின்னங்கால் பாம்பின் வாயில் இருந்தது. தவளை காற்றை நிரப்பி உடம்பை ஊதிக்கொண்டது. பாம்பு விடவில்லை, வலப்பக்கத் தாடை ஒரு எட்டு, இடப்பக்கத் தாடை ஒரு எட்டு என்று காலிலிருந்து மெல்ல மெல்ல ஏறியது. கண்ணுக்குக் கீழே இருந்து இரண்டு கறுத்தக் கோடுகள் வாயோரம் சரிந்து இறங்கியிருப்பது வடிவாகத் தெரிந்தது. அந்தக் கோடுதான் தண்ணீர்ப் பாம்பின் அடையாளம். விஷமில்லாதது, ஆனால் கையால் பிடித்தால் நன்றாகக் கடிக்கும்.

பாம்பே கிடைக்காத நாளிலும் கட்டு வெறுங்கையோடு அனுப்பாது. கல் இடுக்கில் பாம்பு உரித்துப் போட்ட செட்டை கிடக்கும். செட்டை படிக்கத் தெரிந்தால் பாம்பைக் கண்டதற்குப் பாதி சமம். மருமகனுக்கு முதல் நாள் காலையில் காட்டியது அதுதான். கல்லுக்குள் செருகிக் கிடந்த செட்டையைக் குச்சியால் எடுத்து, உள்ளங்கையில் விரித்து, முதுகுப் பக்கம் பார்க்கச் சொன்னேன். நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக, சங்கிலி கோத்த மாதிரி ஓடியது. அதை வைத்து மட்டும் முடிவு சொல்லக்கூடாது. கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப் பாம்புக்கும் நடுமுதுகுச் செதில் பெரிதுதான். ஆகவே வாலைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கவேண்டும். பெரும்பாலான பாம்புக்கு வாலின் அடிச்செதில் இரண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். இதற்கு ஒற்றை ஒற்றையாக, ஏணிப்படி மாதிரி. நடுமுதுகில் அறுகோணம், வாலடியில் ஒற்றைப்படி: கட்டுவிரியன் என்றும் சொல்லும் கொடிய விஷமுள்ள எண்ணெய் விரியன். அவன் செட்டையைப் பார்த்தான், தான் கை வைத்து நின்ற கல்லைப் பார்த்தான், கையை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கல் இடுக்குக்குள் விரல் விடவேண்டாம் என்று நான் அவனுக்கு ஒருதரமும் சொல்லவில்லை.

குளக்கட்டிலும் கவனம் வேண்டியது உண்டு. வறண்ட வலயத்துக் குளங்களில் முதலை இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். குளிக்கிற துறையில் சனம் இருப்பதால் முதலை இல்லை என்று அர்த்தமில்லை. மாலை மங்கிய பிறகு தண்ணீர் விளிம்பிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளியே நிற்கிறேன். டோர்ச்சை கண்மட்டத்தில் பிடித்துத் தண்ணீர்மேல் ஓடவிட்டால், முதலையின் கண் தணல் மாதிரி மின்னும். அது கட்டின் மேலிருந்தே தெரியும், இறங்கத் தேவையில்லை.

கட்டின் மறுபக்கத்து வயலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தம்பலகாமம் வெளி பார்க்க எவ்வளவு அழகோ, பாம்பு தேடுவோருக்கு அவ்வளவு ஆபத்து. பெரும்போக நெல் முற்றி எலி பெருகும் காலத்தில், கண்ணாடி விரியன் என்றும் சொல்லும் முத்திரைப் புடையன் வரம்போரம் சுருண்டு கிடக்கும். வைக்கோல் நிறத்தில் கபில வட்டம் வட்டமாக, பார்த்தால் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கயிற்றுச் சுருள். அது ஓடாது. மிதிபட்டாலோ, கிட்டப் போனாலோ அடிக்கும், அதற்கு முன் பெரும்பாலும் குக்கர் ஆவி மாதிரி நீளமாகச் சீறும். வரம்பில் வெறுங்காலோடு நடக்கிற விவசாயிக்கு இது வருசா வருசம் இருக்கிற பயம். அவர் பிழைப்புக்காக நடக்கிறார். பார்க்கப் போகிற நாம் அந்த நெருக்கடி இல்லாமல் வரம்பில் இறங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை. வயலைக் கட்டிலிருந்தே தூரநோக்கியால் பார்த்தால் போதும்.

கடற்கரையும் களப்பும் வேறு உலகம். உப்பாற்றுப் பக்கமும் தம்பலகாமக் குடாவின் ஓரமும் கண்டல் நிற்கும் சேற்றில், வற்று நேரத்தில் ஒரு பாம்பைப் பார்க்கலாம். நாய் முகம் மாதிரி மழுங்கிய மூக்கு, மேல்நோக்கிய சின்னக் கண், சாம்பல் உடம்பு. கண்டல் வேருக்கிடையில் மீன் பிடித்து வாழ்வது. சேற்றில் அவசரப்படும்போது நேராக ஊராமல், உடம்பைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி எறிந்து போகும். பின்னால் சேற்றில் சரிந்த கோடுகள் படிக்கட்டு மாதிரி விழும். அந்த நடையைப் பார்க்கவென்றே ஒரு மாலையை ஒதுக்கலாம். ஆனால் வற்று நேரம் தெரிந்து போகவேண்டும், முழங்கால் சேற்றுக்குத் தயாராக வேண்டும், மீன்பிடிக்கிறவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நீரேறி நிற்கும்போது போனால் கண்டலையும் கொக்கையும் பார்த்துவிட்டு வரலாம்.

மணல்கரையில், அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இடங்களில், வெயில் ஏறியபிறகு விசிறித்தொண்டை ஓணான் நிலத்தில் ஓடித் திரியும். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஒரு சின்னக் கல்லில் ஏறி நின்று தொண்டையை விசிறி மாதிரி விரித்து விரித்துக் காட்டும். அதே வறண்ட மணல்தான் சுருட்டை விரியனுக்கும் பிடித்த நிலம். சாண் நீளப் பாம்புதானே என்று நினைக்க வேண்டாம். செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் போடுகிற சத்தம் எழுப்பினால் அங்கேயே நின்று, வந்த வழியே பின்வாங்குங்கள். வாடைக்காற்றுக் கடல் கொந்தளித்த மறுநாள் கரையில் கடல்பாம்பு ஒதுங்கிக் கிடப்பதுண்டு. துடுப்பு மாதிரித் தட்டையான வால் இருந்தால் கடல்பாம்புதான். செத்தது போலக் கிடக்கும், ஆனால் உயிர் இருக்கும். கடலோரத்தில் வலைக்கடியன் என்று சொல்லும் இனத்தின் விஷம் நாகத்தைவிடக் கடுமையானது. வலையில் வந்ததை வெறுங்கையால் தூக்கி எறிகிற பெடியன்களைப் பார்த்து எத்தனையோ நாள் சத்தம் போட்டிருக்கிறேன்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைப் பற்றியும் கேட்பார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். பாம்புக்காகப் போகும் இடமில்லை, கடலாமைக்காகப் போகலாம். முருகைக்கல் மேட்டில் அழுங்காமையும் பேராமையும் மேய்வதை நீந்திக்கொண்டே பார்க்கலாம். கடல் படிந்திருக்கும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் சரி. மார்கழியில் வாடைக் கடலில் வள்ளம் ஏறவேண்டாம். மருமகனின் பட்டியலிலிருந்து அதை அன்றே அடித்துவிட்டேன்.

ரோட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இரண்டு மனம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரவு ரோட்டுக்கு நிகர் வேறில்லை. பகல் வெயிலைக் குடித்த தார் இரவு எட்டு மணி வரை சூடாக இருக்கும், அந்தச் சூட்டுக்குப் பாம்பு வந்து கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவு தவளை எல்லாம் ரோட்டில், தவளைக்குப் பின்னால் பாம்பு எல்லாம் ரோட்டில். கிராமத்து உள்வீதியில் மோட்டார் சைக்கிளை இருபதுக்கு மேல் போகாமல் உருட்டினால் காட்டில் ஒரு மாதத்தில் காணாததை இரண்டு மணித்தியாலத்தில் காணலாம். ஆனால் கண்டதில் பெரும்பங்கு உயிரோடு இருக்காது. ஒரு கார்த்திகை இரவு ஒரே வீதியில் உயிரோடு ஒரு கொம்பேறி மூக்கனும், நசுங்கிய நாலு பாம்பும் பார்த்தேன். நாலில் ஒன்று வயிறு நிறைய முட்டையோடு கிடந்த சாரை. அதைக் குச்சியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதோடு பின்னால் லொறி, முன்னால் யானை, நடுரோட்டில் டோர்ச்சோடு குனிந்து நிற்கிற நாம். படை முகாம்களுக்குப் பக்கத்தில் இரவில் டோர்ச் அடித்துத் திரிந்தால் விளக்கம் சொல்லியே விடியும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அனுபவமுள்ள இரண்டு பேர் சேர்ந்து, வாகனம் குறைந்த உள்வீதியில் செய்யலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செய்கிற காரியமல்ல.

பிள்ளைகளுக்கு வீட்டு வளவுதான். இதை யாரும் ஒரு இடமாகவே கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குக் கவலை. இரவு எட்டு மணிக்கு நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு வேலியோரம் ஒரு சுற்று மெதுவாக வாருங்கள். பகலில் கண்ணுக்கே அகப்படாத ஓணான் இரவில் பூவரசங் கொப்பின் நுனியில் கட்டிப்பிடித்துத் தூங்கும். வெளிறிய வயிறு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். கண்ணை மூடி, வாலைத் தொங்கவிட்டு, காற்றுக்கு இலையோடு சேர்ந்து ஆடும். பச்சைப் பாம்பும் அப்படித்தான், பகலில் கொடியோடு கொடி, இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் வெளிர்பச்சைச் சுருள். கண்ணைக் கொத்தும் என்று பயந்து அடித்துக் கொல்லப்படுவது இதுதான். தூரநோக்கியால் அதன் கண்ணை மட்டும் பாருங்கள்: பாவை வட்டமாக இல்லாமல் படுக்கையாக, சாவித் துவாரம் மாதிரி இருக்கும். இரண்டு கண்ணாலும் ஒரே இரையை நேராகக் குறிபார்க்க உதவும் அமைப்பு அது.

வளவில் இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். சுவரோரம் வெள்ளைப் பட்டியோடு ஒரு பாம்பைக் கண்டால் எல்லாருக்கும் எண்ணெய் விரியன்தான். பல்லி தின்ன வரும் விஷமில்லாத வீட்டுப் பாம்புக்கும் பட்டி உண்டு. அதற்குத் தலைப்பக்கம் பட்டி அகலமாகத் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கிப்போகும். எண்ணெய் விரியனுக்கு மெல்லிய பட்டிகள் பெரும்பாலும் சோடி சோடியாக, வால் பக்கம் போகப் போகத் தெளிவாக இருக்கும். தூரத்தில் நின்று பார்த்துக் கொல்லாமல் விடுவதற்கு இந்த அறிவு உதவும். கையில் எடுப்பதற்கு உதவாது. சந்தேகம் வந்தால் விரியன் என்றே நினைத்து விலகுங்கள். நாகமும் சாரையும் பின்னிப் பிணைவதாகச் சொல்வதும் பிழை. நிமிர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும் இரண்டும் ஆண் சாரைகள், பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. நாகம் சாரையோடு சேராது, கிடைத்தால் தின்னும்.

எந்தக் காலம் என்பதிலும் தெரிவு இருக்கிறது. ஐப்பசி முதல் தை வரை மழை. பாம்புக்கு ஐப்பசி முதல் மழை, வெயில் காயும் ஊர்வனவுக்கு மழை இடைவெளி விட்ட மார்கழி, தைக் காலைகள். அடைமழை நாளில் எங்கும் போகவேண்டாம், குளம் வான் பாயும்போது கட்டுப் பக்கமே போகவேண்டாம். கச்சான் அடிக்கும் ஆடி, ஆவணியில் பாம்பு குறையும், ஆனால் குளம் வற்றிச் சுருங்கச் சுருங்க முதலையும் ஆமையும் உடும்பும் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி வந்து சேரும். முதலை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறவர் மழையை விட்டு ஆவணிக்கு வருவது நல்லது. அப்போதும் ஏழரை மணிக்குள் வேலையை முடிக்கவேண்டும். ஒன்பது மணி வெயிலுக்கு ஊர்வனவும் நிழலுக்குப் போய்விடும்.

ஆளை வைத்துப் போவதா, தனியாகவா? தனியாக என்றால் ஒற்றை ஆளாக என்று அர்த்தமில்லை. குறைந்தது இரண்டு பேர். வழிகாட்டி வைப்பதென்றால் அவர் பாம்பைத் தொடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். பாம்பு காட்டுவதாகச் சொன்ன ஒரு விடுதிக்கு நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். காட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்று நினைத்தால், சமையலறைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பச்சைப் பாம்பு, வாயோரம் காயத்தோடு, தண்ணீர் இல்லாமல். அதை மரத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுக்காமல் வந்தோம். அந்தக் காயத்தை இன்றும் மறக்க முடியவில்லை. காட்டுயிரைப் பிடித்து வைப்பது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தொடும் விசயம். பிடித்து வைத்ததைக் காட்டுகிறவருக்குக் காசு கொடுத்தால் அடுத்த பெட்டிக்கும் நாமே காசு கொடுத்ததாகும்.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். கணுக்கால் மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை, நல்ல டோர்ச்சும் மாற்றுப் பற்றரியும், தூரநோக்கி, நீளத் தடி. தடி பற்றையை விலக்க, பாம்பைக் குத்த இல்லை. மூன்று மீற்றருக்குக் கிட்டப் போகவேண்டாம். கடி விழுந்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தோ கிடைத்த வாகனத்திலோ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை, வெளியே கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நமக்கு இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து நாகம், எண்ணெய் விரியன், முத்திரைப் புடையன், சுருட்டை விரியன் நாலுக்குமானது. கோப்பி விரியனுக்கும் கடல்பாம்புக்கும் அது கேட்காது. எண்ணெய் விரியன் கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம்; வலி இல்லை என்று வீட்டில் படுக்கவேண்டாம். எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்பதைப் புறப்படுமுன் கணக்குப் பார்க்கவேண்டும். குளக்கட்டை நான் முதலில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: கட்டடியில் ஊர் இருக்கிறது, ரோட்டு இருக்கிறது, கூப்பிட்டால் ஆள் வரும்.

மருமகனின் மூன்று நாளும் இப்படித்தான் போனது. மூன்று காலையும் அதே குளம். ஒரு மாலை உப்பாற்றுக் கண்டல். இரவில் வீட்டு வளவு. முதல் காலை செட்டையும் ஆமையும் மட்டும். இரண்டாம் காலை மழை, துருசடியில் தண்ணீர்ப் பாம்பு இரண்டு. மூன்றாம் காலை நான் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டிருக்க அவன் தோளில் தட்டி, "மாமா, அந்தப் புத்தடியில பாருங்கோ" என்றான். புற்றுக்கு வெளியே நாகம் ஒன்று படம் எடுக்காமல், அவசரமில்லாமல், வெயிலில் நீண்டு கிடந்தது. கழுத்துச் செதிலுக்கிடையே வெள்ளைத் தோல் தெரிந்தது. கட்டின் மேலிருந்து தூரநோக்கியில் இருபது நிமிசம் பார்த்தோம். நாங்கள் பார்த்தது அதற்குத் தெரியாமலே பொந்துக்குள் போய்விட்டது. முதல் நாள் அவன் அந்தப் புற்றைப் பார்த்திருக்கவே மாட்டான். இரண்டு நாள் அதே கட்டில் நடந்ததால்தான் மூன்றாம் நாள் புற்றடியில் ஒரு கோடு கூடியிருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் குளத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. போன வருசம் மழைக்குப் பிறகு அதன் பற்றைப் பக்கத்தில் நட்சத்திர ஆமை ஒன்று அறுகம்புல் மேய்ந்துகொண்டு நின்றதைக் கண்டேன். வீட்டில் வளர்க்கவென்று கடத்துகிறவர்கள் தேடும் ஆமை அது. 2019இல் சைட்ஸ் (CITES) என்னும் காட்டுயிர் வியாபார உடன்படிக்கையில், சர்வதேச வியாபாரத்தையே தடுக்கும் முதலாம் பின்னிணைப்பில் அதைச் சேர்த்தும் கடத்தல் நின்றபாடில்லை. ஐநேச்சரலிஸ்ட் மாதிரியான செயலியில் படம் ஏற்றினால் இப்படி ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தை அதுவே மங்கலாக்கிவிடும். முகப்புத்தகத்தில் போடும் படத்துக்கு அந்தக் காவல் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் அப்படியொரு குளம் இருக்கும். கல் அடுக்கிய கட்டு, கசிகிற துருசு, பின்னால் பற்றை, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடித்தால் எனக்கும் பெயர் சொல்லவேண்டாம்.